இருவரில் எவரேனும்

கணக்கு ஆரம்பித்த அன்று
படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி
டிக் அடிக்கச் சொன்னார் வங்கிக்காரர்:
'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்.'
கடைசி வார்த்தைக்கு நாகமணி சிரித்துவிட்டாள்.
"ஆரு எடுத்தா என்னங், எல்லாம் ஒண்ணுதானுங்"
சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமை ராத்திரி
செக்கிங் மேசையிலிருந்து வருவாள்
புருவத்தில் பனியன் பஞ்சோடு.
கவரைப் பிரித்து
வாடகைக்கு, மளிகைக்கு, தர்சினி வேனுக்கு.
மிச்சம் திங்கட்கிழமை பேங்கில்.
பெருமாநல்லூருக்கு மேற்கே மூன்று சென்ட்.
இடத்தைப் பார்க்குமுன்பே
சமையல்கட்டு சன்னல் எந்தப் பக்கம் என்று
முடிவு பண்ணியிருந்தாள்.

என் கடன்
குடித்து வந்ததில்லை, சீட்டாடி வந்ததில்லை.
சொல்லிக்கொள்ள அது ஒரு வசதி.
தாராபுரத்தில் அக்கா மகள் கல்யாணம்.
தாய்மாமன் சீர் எட்டுப் பவுன்
தம்பி பாதி நான் பாதி என்றுதான்
வீட்டில் சொல்லியிருந்தேன்.
தம்பி வந்தான்
ஒரு தட்டு ஆப்பிளோடு.
சபையில் சீர்த்தட்டைத் தூக்கி நடந்தபோது
என் தோள் எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பது
வீடியோவில் இருக்கிறது.
தர்சினி அடிக்கடி போட்டுப் பார்ப்பாள்.

அவன் பங்கு நாலு பவுனுக்கு
காங்கயம் ரோட்டுப் பைனான்சில்
ரெண்டேகால் லட்சம், மூணு வட்டி.
மாசம் ஆறாயிரத்து எழுநூற்றைம்பது.

முதலில் அது ஒரே ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது.
குழம்பு ஊற்றும்போது சொல்லிவிடலாம்.
ரசத்துக்குச் சொல்லிவிடலாம்.
மோருக்கு.
கை கழுவியாயிற்று.

குறுஞ்செய்தி வரும் நம்பர் என்னுடையது,
படிவத்தை நிரப்பியவன் நானல்லவா.
ஏடிஎம் துப்பும் சீட்டை
எட்டாய்க் கிழித்து
பாதியைப் புஷ்பா ஸ்டாப்பில்
பாதியை நொய்யல் பாலத்தில்.
நொய்யல் எத்தனையோ சாயம் பார்த்தது.

"ஏனுங், புரோக்கரு மறுக்காவும் போன் பண்ணுனாருங்."
ஆடி என்றேன்.
ஆவணியில், அங்கே தண்ணி உப்பாம் என்றேன்.
புரட்டாசி என்றேன்.
ஐப்பசி கார்த்திகை மழை பார்த்துக்கொண்டது.
மார்கழியை அவளே சொன்னாள்,
"தை பொறக்கட்டுமுங்."
அவ்வளவு பக்தியாய் நான்
காலண்டர் பார்த்ததே இல்லை.

தை பிறந்தது.
பூப்பறிக்கிற நோம்பி கழிந்து மூன்றாம் நாள்
"அட்வான்ஸ் குடுக்கோணுமுங்,
புஸ்தகத்துல வரவு போட்டுட்டு வந்தர்லாம் வாங்க"
என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.
வழியெல்லாம் சிக்னல் பச்சையாகவே இருந்தது.

எந்திரம் புத்தகத்தை
வாய்க்குள் இழுத்துக்கொண்டது.
பக்கத்தைத் திருப்பச் சொன்னது.
திருப்பினாள்.
மறுபடியும் திருப்பச் சொன்னது.
ஓவர்லாக் மிஷின் ஓடுகிற மாதிரி சத்தம்,
பதினாலு மாதம்.

நின்றபடியே படித்தாள்.
துணியில் ஓட்டை தேடும் அதே விரல்,
கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு
அடுத்த பீசுக்குப் போகும் விரல்,
ஆறாயிரத்து எழுநூற்றைம்பதுகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கீழே போய்
கடைசியில் நின்ற நாலாயிரத்துச் சொச்சத்தைத் தொட்டு
மேலே ஏறி
முதல் வரியில் நின்றது.

"இந்த ஐநூறு எதுக்குங்?"

மற்றதுக்கெல்லாம் பதில் இருந்தது.
அக்கா, தம்பி, ஆப்பிள், சபை, மானம்.
பதினாலு மாதமாய்க்
குளிக்கும்போது சொல்லிப் பார்த்து
வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன்.

ஐநூறு வட்டிக்கில்லை.
முதல் வட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க
எடுத்தது.
ஒன்றும் ஆகவில்லை.
வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்,
சில்லறை சரியாக எண்ணி வாங்கினேன்,
கை நடுங்கவே இல்லை.

"ஆச்சுங்களா?" என்றார்
பின்னால் புத்தகத்தோடு நின்ற ஒருவர்.
அவள் நகர்ந்து
அவருக்கு இடம் விட்டாள்.
விரலை எடுக்கவில்லை.